சுழலும் தண்டில் இருந்து சுத்தமான சிக்னல் எடுப்பது எப்படி?

கேள்வி: கிளிநொச்சியில் எங்கள் நெல் மில்லின் சுழல்தண்டில் ஸ்ட்ரெயின் கேஜ் (இழுபட்டால் மின்தடை மாறும் மெல்லிய பட்டை) ஒட்டி, ஸ்லிப் ரிங் (சுழலும் தண்டிலிருந்து சிக்னலை வெளியே எடுக்கும் வளையம்) வழியாக முறுக்குவிசை அளக்கிறோம். வாசிப்பு ஓயாமல் துள்ளுகிறது. ஏன்?

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். 350 ஓம் கேஜ், கேஜ் ஃபேக்டர் (திரிபைப் போல் எத்தனை மடங்கு தடை மாறும் என்ற எண்) 2, திரிபு 100 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாற்றம்) என்றால் தடை மாறுவது வெறும் 0.07 ஓம். உமியும் தவிட்டுத் தூசும் படிந்த பிரஷில் (ரிங்கை உரசி நிற்கும் தொடுமுனை) தொடுதடையே அந்தளவுக்கு ஆடிவிடும். ஒற்றைக் கேஜை ரிங் வழியாகக் கொண்டுவந்தால் எது முறுக்கம், எது தூசு என்று பிரிக்கவே முடியாது.

ஆகவே நான்கு கேஜையும் தண்டிலேயே 45 பாகையில் ஒட்டி முழுப் பிரிட்ஜாக (தடை மாற்றத்தைச் சிறு மின்னழுத்தமாகத் தரும் நான்கு கைச் சுற்று) இணையுங்கள். பிரஷ் அப்போது பிரிட்ஜுக்கு வெளியே போய்விடும். தண்டின் வளைவும் சூடும் தரும் பிழை பெரும்பாலும் தானாகக் கழிந்துவிடும். அதைவிட நல்லது, பெருக்கியையும் தண்டிலேயே பொருத்தி, டிஜிட்டலாக மாற்றி ரேடியோவில் அனுப்புவது. மில்லிவோல்ட்டைத் தூரம் இழுத்து வந்து பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

சரி, புதுச் சாமான் வாங்குமுன் ஒரு சோதனை. இந்தத் தண்டை நிறுத்திவிட்டு மற்ற மோட்டர்களை ஓடவிடுங்கள். துள்ளல் அப்படியே இருந்தால் பிரஷில் பிழையில்லை. 50 ஹேர்ட்ஸ் கரண்டோ, மோட்டர் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரோ சிக்னல் வயரில் ஏறுகிறது. முறுக்கிய சோடியுள்ள கவச வயர் போட்டு, கவசத்தை ஒரு முனையில் மட்டும் எர்த் பண்ணுங்கள். நான் பார்த்த ஒரு மில்லில் மோட்டர் வயரையும் சிக்னல் வயரையும் ஒன்றாக வரிந்து கட்டியிருந்தார்கள். பிரித்து இரண்டு முழம் தள்ளிக் கட்டியதும் திரையில் கோடு அடங்கிவிட்டது.