காலை உதைக்கிற பேத்திக்கு இடுப்பு ஸ்கேன் எதற்கு?

கேள்வி: என் பேத்தி பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. கடைசி வரை வயிற்றில் தலை மேலாகவே இருந்ததால் அறுவை செய்து எடுத்தார்கள். கிளினிக்கில் தாதி காலை விரித்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். ஆனாலும் ஈப்போ போய் இடுப்புக்கு ஸ்கேன் எடுக்கக் கடிதம் கொடுத்துவிட்டார். பிள்ளையோ இரண்டு காலையும் உதைத்து விளையாடுகிறாள். எலும்பைப் பார்க்க எக்ஸ்ரே போதாதா? இது தேவைதானா?
– ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்

பதில்: தேவைதான் அம்மா. கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடாதீர்கள்.

முதலில் உதைப்பதைப் பற்றி. இடுப்பு மூட்டு நழுவியிருந்தாலும் இந்த வயதில் வலிக்காது. பிள்ளை உதைக்கத்தான் செய்யும். தாதி செய்த சோதனையும் குறைவானதல்ல. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பில் கிண்ணம் போன்ற குழிக்குள் உட்கார்ந்திருக்கும்; நழுவிய உருண்டை கிண்ணத்துக்குள் திரும்பி விழுவது விரலுக்குத் தெரியும். ஆனால் உருண்டை இடத்தில் இருந்து, கிண்ணம் மட்டும் ஆழமில்லாமல் இருந்தால் பழகிய கைக்கும் பிடிபடாது. ரப்பர் தோட்டத்தில் மரத்துப் பால் பிடிக்கும் மங்கு பார்த்திருப்பீர்கள். ஆழமான மங்கில் பால் நிற்கும். தட்டையாக இருந்தால் வழிந்துவிடும். கிண்ணத்தில் அந்த உருண்டையும் அப்படித்தான்.

எக்ஸ்ரே ஏன் உதவாது? பேத்தியின் தொடை எலும்புத் தலை இன்னும் எலும்பே ஆகவில்லை, வெறும் குருத்தெலும்பு. அதன் நடுவில் எலும்புப் புள்ளி தோன்றுவது பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள். அதுவரை எக்ஸ்ரேயில் உருண்டை இருக்கவேண்டிய இடம் காலியாகத் தெரியும். ஸ்கேன் கருவி அனுப்பும் ஒலி அலையோ குருத்தெலும்புக்குள் புகுந்து உருண்டை, கிண்ணம், அதன் விளிம்பு மூன்றையும் காட்டிவிடும். உங்கள் மகளுக்குக் கர்ப்பத்தில் எடுத்த அதே வகை ஸ்கேன்தான்; கதிர்வீச்சு கிடையாது.

பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பில் பசை தடவி, கருவியை வைப்பார்கள். திரையில் இடுப்பெலும்பு நேர்கோடாக நிற்கும். அதிலிருந்து கிண்ணத்தின் கூரை சரியும். இரண்டுக்கும் நடுவே உள்ள கோணத்தை அளப்பார்கள். 1980-இல் ஆஸ்திரிய மருத்துவர் ரைன்ஹார்ட் கிராஃப் விளக்கிய முறை இது. 60 பாகையும் அதற்கு மேலும் இருந்தால் கிண்ணம் முதிர்ந்துவிட்டது. மூன்று மாதத்துக்குள் 50-க்கும் 59-க்கும் இடையில் வந்தால் பயப்பட வேண்டாம். பல பிள்ளைகளுக்கு அது தானே முதிரும், மறுபடி ஒருமுறை அளந்து பார்ப்பார்கள். அதற்கும் கீழே போனால்தான் வைத்தியம். துணிப் பட்டைகளால் ஆன பாவ்லிக் வாரைப் போட்டு, கால்களைத் தவளை போல மடக்கி விரித்து, சில வாரம் வைத்திருப்பார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும். பிள்ளை இரண்டே நாளில் பழகிவிடும், பாட்டிகள்தான் பழகுவதில்லை. நடக்கத் தொடங்கியபின் கண்டுபிடித்தால் அறுவை வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

தலை மேலாக இருந்தது ஒரு காரணம், பெண் குழந்தை என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்ததால்தான் அந்தக் கடிதம். வீட்டில் வேறு யாருக்காவது சிறு வயதில் இடுப்பு நழுவிய கதை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் பெடோங் என்பார்களே, அதுபோலக் காலை நீட்டி இறுக்கிச் சுற்றாதீர்கள். கையை வேண்டுமானால் சுற்றுங்கள். கால் மடங்கி விரிய இடம் விடுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுங்கள், தடையில்லை. ஆனால் குளிப்பாட்டி முடித்ததும் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து இழுத்து நீவுவதும், தலைகீழாகத் தூக்குவதும் வேண்டாம். சேலைத் தூளியில் கால் மடங்கித்தான் இருக்கும். இடுப்பைப் பொறுத்தவரை அதில் எனக்குக் குறையில்லை.

ஸ்கேன் நாளில் வயிறு நிறையப் பால் கொடுத்துக் கூட்டிப்போங்கள். பசியில் முறுக்கிக்கொள்கிற பிள்ளைக்குக் கோணம் அளப்பது பெரும்பாடு.