ராத்திரி வாடை காலையில் இல்லை: மணலியில் புகாரை எப்படி நிரூபிப்பது?

கேள்வி: மணலியில் பெட்ரோகெமிக்கல் ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறோம். நள்ளிரவுக்கு மேல் அழுகிய முட்டை நாற்றம் வீட்டுக்குள் வருகிறது. ஏழு வயது மகனுக்கு இருமல் விடுவதே இல்லை. செல்போனில் பார்த்தால் காற்றின் தரம் 'திருப்தி' என்கிறது. புகார் கொடுத்து ஆள் வருவதற்குள் வாடை போய்விடுகிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் மூக்கை நம்புங்கள். காற்றுத் தரக் குறியீடு எட்டு மாசுகளை வைத்துப் போடும் கணக்கு. தூசி, சல்ஃபர் டை ஆக்சைடு, அம்மோனியா எல்லாம் அதில் உண்டு. முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இல்லை; ரத்தப் புற்றுநோயோடு தொடர்புள்ள பென்சீனும் இல்லை. அந்த எட்டிலும் பெரும்பாலானவற்றுக்கு 24 மணி நேரச் சராசரிதான். இரவு 2 மணிக்கு வந்து அரை மணியில் போன வாயு அதில் தெரியவே தெரியாது. பென்சீனுக்கு நம் நாட்டில் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று வரம்பு இருக்கிறது, ஆனால் அது ஆண்டுச் சராசரி.

இரவில் தரை குளிர்ந்துவிடுவதால் அதை ஒட்டிய காற்று மேலே எழும்பாது. பகலில் கடற்காற்று கலைத்துவிடும் அளவு வாயுகூட அப்போது ஊருக்குள்ளேயே தேங்கிவிடும்.

ஆகவே ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, வாடை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், காற்று அடித்த திசை, எப்படிப்பட்ட வாடை (முட்டையா, பெட்ரோலா, கண் எரிச்சலா) என்று உடனுக்குடன் எழுதுங்கள். ஆலையின் தீக்கோபுரத்தில் (வேண்டாத வாயுவை எரித்துவிடும் உயரமான குழாய்) கரும்புகை வந்தால் படம் எடுங்கள். வாயு முழுதாக எரியவில்லை என்பதற்கு அது அடையாளம். தெருவில் நாலைந்து வீடுகள் தனித்தனியாக எழுதினால் புகாருக்குப் பலம் கூடும். நேரத்தைக் குறிப்பதைத்தான் நான் மிக முக்கியமாகச் சொல்வேன். பெரிய ஆலைகளின் புகைபோக்கிக் கருவிகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு இடைவிடாமல் தகவல் அனுப்புகின்றன. நேரம் உங்கள் கையில் இருந்தால், அதே நேரத்துப் பதிவைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 'அடிக்கடி நாறுகிறது' என்று எழுதினால் எந்தப் பதிவைத் தேடுவார்கள்?

மகனை நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சிரைப்பு வந்த நாட்களையும் அதே நோட்டில் குறித்து, மருந்துச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை: கடுமையாக இருந்த முட்டை நாற்றம் சட்டென்று தெரியாமல் போனால் வாயு போய்விட்டது என்று இருந்துவிடாதீர்கள். அளவு மிகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு மோப்ப உணர்வையே மரக்கச் செய்யும். காற்று வரும் திசைக்குக் குறுக்காக நடந்து விலகுங்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கசிந்ததுபோல அம்மோனியா என்றால், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். அது தண்ணீரில் கரையும்.

புகாரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பலன் இல்லையென்றால் சென்னையிலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அங்கே மனுப் போட வேண்டும். இழப்பீடு கேட்பதானால் ஐந்து ஆண்டு.