கோ (Go) நிரல்மொழியில் தமிழ்ப் பெயர் வெளியே தெரியவில்லையா?

தம்பி, வடசேரி பேருந்து நேரம் காட்டும் நிரலில் 'வர' என்ற ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்யும் நிரல்பகுதி) இன்னொரு பேக்கேஜிலிருந்து (நிரல் கோப்புகளின் தொகுப்பு) கூப்பிட முடியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். தப்பு உங்களுடையது இல்லை. கோ மொழியில் பெயரின் முதல் எழுத்து யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியீட்டுத் தரம்) பெரிய எழுத்து (ஆங்கில A போல) என்று குறிக்கப்பட்டிருந்தால்தான் அது வெளியே தெரியும். தமிழில் பெரியது சின்னது என்ற பேதமே கிடையாதே! அதனால் நம் பெயர்கள் எல்லாம் பேக்கேஜுக்குள்ளேயே முடங்கிவிடும். சீன, இந்திக்காரர்களுக்கும் இதே பாடுதான்.

பெயருக்கு முன்னால் ஆங்கிலப் பெரிய எக்ஸ் ஒன்றைச் சேருங்கள், வேலை நடக்கும். பார்க்க அசிங்கம்தான், எனக்கும் பிடிக்காது. ஸ்ட்ரக்ட் ஃபீல்டுக்கும் (பல தகவல்களைச் சேர்த்து வைக்கும் அமைப்பில் ஒவ்வொரு தகவலுக்கும் உள்ள இடம்) இதையே செய்யுங்கள். இல்லாவிட்டால் ஜேசானாக (JSON, தகவல் பரிமாறும் உரை வடிவம்) மாற்றும்போது அந்த ஃபீல்டு பிழை எதுவும் காட்டாமல் விடுபட்டுப்போகும். ஜேசானில் எக்ஸ் வேண்டாமென்றால் டேக் (ஃபீல்டின் பக்கத்தில் எழுதும் குறிப்பு) கொடுத்து வேறு பெயர் வைக்கலாம்.

அப்புறம், அடுத்து 'நாகர்கோவில்' என்று பெயர் வைக்கப் பார்ப்பீர்கள். கம்பைலர் (நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) ஒத்துக்கொள்ளாது. புள்ளியும் துணைக்காலும் கொம்பும் யூனிகோடில் எழுத்து அல்ல, சேர்க்கைக் குறிகள். கோ மொழி பெயருக்குள் எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே விடும். 'வர' தப்பியது அதில் குறியே இல்லாததால்தான். முழுக்கத் தமிழ்ப் பெயர்தான் வேண்டுமென்றால் பைத்தான் நிரல்மொழிக்குப் போங்கள், அது இந்தக் குறிகளை ஏற்கும்.