கல்லிடைக்குறிச்சி அப்பளத்துக்கு ஜிஎஸ்டி உண்டா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டையில் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. பட்டயக் கணக்காளர் இல்லை, வரி ஆலோசகர்தான். ஆனால் நம்ம ஊரில் கக்கத்தில் ஃபைல் வைத்திருக்கிற எல்லாருமே ஆடிட்டர், அதனால் நானும் ஆடிட்டர். இந்த முறை நாலு கேள்விகள்.

கேள்வி: வீட்டிலேயே அப்பளம் போட்டு விற்கிறோம். போன வருடம் விற்பனை 46 லட்சம் ஆகிவிட்டது. 40 தாண்டினால் ஜிஎஸ்டி எடுத்தே ஆகணும் என்று கொழுந்தனார் பயமுறுத்துகிறார். உண்மையா அண்ணாச்சி? – ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

கொழுந்தனார் சொன்ன 40 லட்சம் சரிதான் அம்மா, ஆனால் அது வரி உள்ள சரக்குக்கு. அப்பளத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. உளுந்து அப்பளம், மிளகு அப்பளம், எந்தப் பெயரில் விற்றாலும் இல்லை. ஓட்டலில் பொரித்து இலையில் வைக்கும்போதுதான் கதை மாறும். வரி இல்லாத சரக்கை மட்டுமே விற்கிறவர் ஒரு கோடிக்கு விற்றாலும் பதிவு எடுக்க வேண்டியதில்லை.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் நீங்கள் கடிதத்தோடு வைத்த விலைப்பட்டியலில், கடைசி வரியில், பொடி எழுத்தில் 'நார்த்தங்காய் ஊறுகாய்' என்று இருக்கிறதே? ஊறுகாய்க்கு வரி உண்டு. அது சேர்ந்துவிட்டால் 40 லட்சத்தைக் கணக்கிடும்போது ஊறுகாய் விற்பனையை மட்டும் பார்க்க மாட்டார்கள், அப்பளத்தையும் சேர்த்துத்தான் கூட்டுவார்கள். ஆக 45 லட்சத்துக்கு அப்பளம், ஒரு லட்சத்துக்கு ஊறுகாய் என்றாலும் பதிவு எடுத்தாகணும். வரி என்னவோ அந்த ஒரு லட்சத்துக்குத்தான். ஊறுகாயை வேறு மாநிலத்துக்கு, பெங்களூருக்கு அனுப்பி விற்கிறீர்கள் என்றால் இந்த 40 லட்சக் கணக்குக்கே இடமில்லை, முதல் பாட்டிலிலேயே பதிவு வேண்டும்.

ஊறுகாயில் வருடத்துக்கு என்ன நிற்கிறது என்று பாருங்கள். என்னை மாதிரி ஆளுக்குக் கொடுக்கிற கூலிக்கே அது சரியாகிவிடும் என்றால் விட்டுவிடுங்கள். மருமகள்தான் போடுகிறாள் என்றால் அவள் பெயரில், அவள் வங்கிக் கணக்கில், நிஜமாகவே தனியாக நடத்தட்டும். பேருக்கு மாற்றி எழுதுகிற வேலை மட்டும் வேண்டாம்.

கருப்பட்டி விற்கிறவர்களும் இதைக் கவனிக்கணும். சில்லறையாக எடை போட்டுக் கொடுத்தால் வரி இல்லை, லேபிள் ஒட்டிய பாக்கெட்டாக விற்றால் 5 சதவீதம். 2022 ஜூலையிலிருந்து இப்படித்தான்.

கேள்வி: வண்ணார்பேட்டையில் டீக்கடை வைத்திருக்கிறேன். ஜிபேயில் வரும் பணத்தைப் பார்த்து நோட்டீஸ் அனுப்புகிறார்களாமே, க்யூஆர் அட்டையைக் கழற்றிவிடலாமா? – ஒரு வாசகர்

2025 ஜூலையில் கர்நாடகாவில் சின்னக் கடைக்காரர்களுக்கு யுபிஐ வரவை வைத்து நோட்டீஸ் போனது நிஜம். அந்தச் செய்தி வந்ததிலிருந்து என்னிடம் பத்துப் பேராவது இதைக் கேட்டுவிட்டார்கள். அட்டையைக் கழற்றுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை, ரொக்கமாக வந்தாலும் விற்பனை விற்பனைதானே.

முதலில் உங்கள் எல்லை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். டீ போட்டுக் கொடுப்பது சட்டப்படி சேவை, அதனால் உங்களுக்கு 40 இல்லை, 20 லட்சம். அதாவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 5,500 ரூபாய். பிஸ்கட், வாழைப்பழம், சிகரெட் எல்லாம் அதற்குள் அடக்கம். உங்கள் பான் கார்டில் வேறு கடை இருந்தால் அதுவும்தான்.

அடுத்தது, கணக்கில் வந்த பணம் எல்லாம் விற்பனை ஆகிவிடாது. ஆனால் அதைச் சொல்லி நிரூபிக்க வேண்டியது நீங்கள். மேலப்பாளையத்தில் ஒருவருக்கு இப்படித்தான் 31 பக்க பேங்க் ஸ்டேட்மென்டை விரித்துவைத்து, சிவப்புப் பென்சிலோடு இரண்டு நாள் உட்கார்ந்தோம். மொத்த வரவு 27 லட்சம். அதில் சீட்டுப் பணம், துபாயிலிருந்து மச்சான் வீடு கட்ட அனுப்பியது, மகள் கல்யாணத்துக்கு ஜிபேயில் வந்த மொய் என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தால் விற்பனை 17 லட்சம்தான். மொய் நோட்டு வீட்டில் பத்திரமாக இருந்ததால் தப்பித்தோம், 501, 1001 என்று பேரோடு அப்படியே ஒத்துப்போனது.

அட்டை இருக்கட்டும். கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்து, அதன் க்யூஆரை மட்டும் கல்லாவில் ஒட்டுங்கள். ராத்திரி கடை சாத்தும்போது ரொக்கம் இவ்வளவு, போனில் இவ்வளவு என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள், போதும். நோட்டீஸ் வந்தால் அதில் போட்டிருக்கிற தேதிக்குள் பதில் போகணும். அதை உண்டியல் பக்கத்தில் மடித்து வைக்கிற ஆட்கள்தான் கடைசியில் மாட்டுவது.

கேள்வி: டவுனில் அல்வாக் கடை. காம்பவுண்டிங்கில் இருக்கிறோம். பில்லில் 5 சதவீதம் போடுகிறோம், சரிதானே? மும்பைக்கு கூரியரில் கேட்கிறார்கள், அனுப்பலாமா?

இரண்டுமே தப்பு. காம்பவுண்டிங், அதாவது விற்பனையில் ஒரு சிறு பங்கை வரியாகக் கட்டிவிடும் எளிய முறையில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் வரி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. விற்பனையில் ஒரு சதவீதத்தை நீங்கள் உங்கள் கையிலிருந்து கட்டணும். வருடத்துக்கு 60 லட்சம் விற்றால் 60,000 ரூபாய். நீங்கள் 5 வாங்கி 1 கட்டுகிறீர்கள் என்றால் மீதி நாலு யாருடையது? இன்றைக்கே பில் புத்தகத்தை மாற்றுங்கள், ஏற்கெனவே வாங்கியதற்கு என்ன செய்வது என்று பழைய பில்களோடு உங்கள் ஆடிட்டரைப் போய்ப் பாருங்கள்.

சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் தாராளமாக அனுப்பலாம். வெளிமாநிலமான மும்பைக்குக் கூடாது, செங்கோட்டை தாண்டினால் கேரளாவுக்கும் கூடாது. கேரளாக்காரர் கடைக்கு வந்து வாங்கி அவரே கொண்டுபோனால் அது உள்ளூர் விற்பனை. கூரியர் ஆர்டர் நிறைய வருகிறது என்றால் சாதாரணப் பதிவுக்கு மாறிவிடுங்கள். அப்போது 5 சதவீதத்தை முறையாக வாங்கலாம், நெய்க்கும் அட்டைப்பெட்டிக்கும் கட்டிய வரியையும் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ரிட்டர்ன், அதாவது கணக்குத் தாக்கல் செய்யும் வேலை கூடும்.

கேள்வி: திசையன்விளையில் கடையை மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. ஜிஎஸ்டி கணக்கு பார்த்தவர் போன் எடுப்பதில்லை, பாஸ்வேர்டும் அவரிடம்தான்.

ஷட்டரை இறக்கினால் பதிவு மூடாது. ரத்து கேட்டு விண்ணப்பிக்கணும், அதுவரை ரிட்டர்ன் பாக்கி சேரும், ஒன்றும் விற்கவில்லை என்றாலும் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். அதற்கு உச்சவரம்பு உண்டு, விற்பனை இல்லாத ரிட்டர்ன் ஒன்றுக்கு 500 ரூபாய்தான். ஆறு மாதம் தொடர்ந்து போடாவிட்டால் அதிகாரியே ரத்து செய்யலாம், உங்களுடையது ஏற்கெனவே ஆகியிருக்கவும் கூடும். ஜிஎஸ்டி எண்ணை வலைத்தளத்தில் போட்டாலே அது தெரிந்துவிடும், அதற்குப் பாஸ்வேர்டு வேண்டாம்.

ஓடிபி அவர் போனுக்குப் போகிறது இல்லையா? ஆதார், பான், பதிவுச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் சரகத்து வணிகவரி அலுவலகத்துக்குப் போய், மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அவர் போனுக்காகக் காத்திருக்க வேண்டாம். புது எண்ணாக உங்கள் சொந்த எண்ணைக் கொடுங்கள், என்னைப் போன்ற இன்னொரு ஆளுடையதை இல்லை.