இணையமும் சமூக ஊடகமும் இளைஞர்களின் ரசனையை, பழக்கத்தை எப்படி மாற்றின?

உடை, பேச்சு, பாட்டு எல்லாம் மாறியிருக்கின்றன என்பார்கள். அவை ஒவ்வொரு தலைமுறையிலும் மாறியவைதான். இந்தத் தலைமுறைக்கென்று புதிதாக வந்தது எண்ணிக்கை என்றே நினைக்கிறேன்.

ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது 2009 பிப்ரவரியில். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு யாராவது போட்ட படம் பிடித்திருந்தால் ஒரு வரியாவது எழுத வேண்டும். 'எங்கே எடுத்தே?', 'இந்தச் சிரிப்பு அப்படியே உங்க அம்மா'. பொத்தான் வந்ததும் அந்த வரிகள் குறைந்து, அந்த இடத்தில் எண் உட்கார்ந்தது. இரண்டு பேர் எழுதிய வரிகளில் எது பெரிது என்று பார்க்க முடியாது. 90-ஐயும் 11-ஐயும் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

எனக்கு மரங்களின் வேர்களை வரையப் பிடிக்கும். நோட்டு நோட்டாக வரைந்து, இரண்டு தோழிகளுக்கு மட்டும் காட்டுவேன். பாதி நன்றாக வராது. அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஃபேஸ்புக்கில் போட ஆரம்பித்த பிறகு, முகங்களுக்கு நிறைய லைக் வந்தது, வேர்களுக்கு வரவில்லை. ஒரு வருடத்தில் நான் முகம் மட்டுமே வரைகிறவள் ஆகிவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை, இப்படி வரை என்று சொல்லவும் இல்லை. நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

எனக்கு நடந்ததுதான் பிறகு பெரிய அளவில் நடந்தது. 2016-இல் இன்ஸ்டாகிராம், பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதை விட்டுவிட்டு, யாருக்கு எது பிடிக்கும் என்று தானே கணித்து அடுக்கத் தொடங்கியது. எது ஏற்கெனவே ஓடுகிறதோ அது இன்னும் ஓடும். அதனால்தான் ஒரே வாரத்தில் ஒரே நடனத்தை, ஒரே கை அசைவோடு, ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத நாடுகளில் ஆடுகிறார்கள். அதில் மகிழ்ச்சி இல்லாமல் இல்லை. ஆனால் பதினைந்து வயதில் ஒருவருக்குக் கோணல்மாணலாக முளைக்கும் சொந்த ரசனை, முளைக்கும்போதே அளக்கப்பட்டுவிடுகிறது.

நல்லது நடக்கவில்லையா? நடந்தது. 2018 ஆகஸ்டில் 15 வயது கிரெட்டா துன்பர்க், பருவநிலை மாற்றத்தைத் தடுக்கக் கோரி, ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முன் தனியாக உட்கார்ந்தார். அது இணையத்தில் பரவி, அடுத்த ஆண்டு செப்டம்பரில் உலகெங்கும் லட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள். தன்னைப் போல் யாருமே இல்லை என்று நினைத்திருந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு இணையத்தில்தான் துணை கிடைத்தது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

இன்றைய பிள்ளைகள் இந்த எண்ணிக்கைக்கு அடங்கிப் போய்விட்டார்கள் என்பதையும் நான் ஏற்கவில்லை. 24 மணி நேரத்தில் மறைந்துபோகும் ஸ்டோரியை ஸ்னாப்சாட் 2013-இல் கொண்டுவந்தது. அதை முதலில் கொண்டாடியவர்கள் இளைஞர்கள்தான். மறக்கப்படும் உரிமை அவர்களுக்குத் தேவைப்பட்டது. என் அக்கா மகளுக்கு வயது 17. ஊருக்குத் தெரிந்த கணக்கு ஒன்று, 12 பேர் மட்டும் பார்க்கிற கணக்கு இன்னொன்று வைத்திருக்கிறாள். இரண்டாவதில் அழுத முகம், பாதி மங்கிய படம், பாடும்போது சுதி விலகிய பாட்டு. ஏன் என்று கேட்டேன். "இங்கே நான் நல்லா இருக்கணும்னு இல்லை சித்தி" என்றாள்.

லைக் எண்ணிக்கையை மறைத்துக்கொள்ளும் வசதியை இன்ஸ்டாகிராம் 2021-இல் தந்தது. நம் கண்ணிலிருந்து மறைந்தாலும், அடுக்கித் தரும் இயந்திரம் எண்ணிக்கொண்டேதான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் 16 முடிந்த அன்று அந்தப் பிள்ளை சந்திக்கப்போவதும் இதே எண்ணைத்தான். அந்தப் பன்னிரண்டு பேர் மாதிரி ஓர் இடம் அதற்குள் அமைந்துவிட்டால், அந்தப் பிள்ளை தாங்கிக்கொள்ளும்.

சில மாதங்களாக மறுபடி வேர்களை வரைகிறேன். ஒரு படத்தை அக்கா மகள் கேட்டு வாங்கித் தன் சின்னக் கணக்கில் போட்டாள். மூன்று பேர் எழுதியிருந்தார்கள். ஒரு பெண் கேட்டிருந்தாள்: "இது வேரா, பாட்டியோட கையா?"