கையெழுத்துப் போட்டுவிட்டால் போதுமா? – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபாசப் படத் தொழிலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. நடிக்கிறவர்கள் பதினெட்டு வயது தாண்டியவர்கள், சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுக் காசு வாங்குகிறார்கள். பணத்துக்காகத்தானே போகிறார்கள், அதை எப்படிச் சம்மதம் என்பது என்கிறீர்கள். எங்கள் பக்கம் கிரானைட் குவாரியில் தூசியைத் தின்றுகொண்டு வேலை செய்கிறவரும் பணத்துக்காகத்தான் போகிறார். அவர் சம்மதத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. இதற்கு மட்டும் ஏன் ஒழுக்கப் பாடம்?

பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

அன்புள்ள தம்பிக்கு,

குவாரியை இழுத்தது நல்லதாகப் போயிற்று. ஆனால் அங்கே சம்மதத்தை யாரும் சந்தேகப்படவில்லை என்கிறீர்களே, அது சரியில்லை. நம் பக்கத்திலிருந்து குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போகிற குடும்பங்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். மேஸ்திரி நோட்டில் பெயருக்கு நேரே ஒரு தொகை, பக்கத்தில் கைநாட்டு. காது குத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு என்று வாங்க வாங்கத் தொகை ஏறும். ஊருக்குப் போகிறேன் என்றால் நோட்டைத் திறந்து காட்டுவார்கள். கைநாட்டு அவருடையதுதான், யாரும் விரலைப் பிடித்து வைக்கவில்லை. இருந்தும் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனே செல்லாது என்கிறது. 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், வேறு வழியில்லாமல் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலைக்கு ஒப்புக்கொண்டால் அதுவும் கட்டாய உழைப்புதான் என்றது உச்ச நீதிமன்றம். அதற்காகக் கட்டடமே கட்டக்கூடாது என்று சொல்லிவிடவில்லை.

நான் கேட்பதும் அவ்வளவுதான். வயது வந்த இருவர் கேமரா முன்னால் என்ன செய்கிறார்கள் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. நடிக்க வந்த பெண்ணிடம் என்ன சொல்லிக் கூட்டிவந்தார்கள்? நடுவில் போதும் என்றால் நிறுத்துவார்களா? பின்னால் ஒருநாள் எடுத்துவிடுங்கள் என்றால் எடுப்பார்களா?

அமெரிக்காவின் சான் டியாகோவில் ‘கேர்ள்ஸ் டூ போர்ன்’ என்று ஒரு தளம். மாடலிங் விளம்பரம் பார்த்து வந்த இளம்பெண்களிடம், இது டிவிடியாக வெளிநாட்டில் மட்டும் விற்கும், இணையத்தில் வராது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். படம் இணையத்துக்கே போனது, அங்கிருந்து அவர்கள் வீட்டுக்கும் போனது. 22 பெண்கள் வழக்குப் போட்டு 2020 ஜனவரியில் ஜெயித்தார்கள். ஓடிப்போன முதலாளி 2022 டிசம்பரில் ஸ்பெயினில் பிடிபட்டார், பிறகு 27 ஆண்டு சிறை. வழக்குப் போட்ட அந்த 22 பேரும் பதினெட்டு வயது ஆனவர்கள், அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டவர்கள்.

குவாரியோடு ஒப்பிடுவது இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறது. பாலீஷ் போட்டுக் கப்பலேறுகிற கிரானைட்டில் அதை வெட்டியவர் முகம் இருக்காது.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்த காலம் ஞாபகம் இருக்கிறதா? தெரிந்த பையன் என்றால் தனியாக ஒரு ஃபோல்டரும் ஏறும். அதில் எது நடித்தது, எது ஒளித்து வைத்து எடுத்தது என்று கடைக்காரருக்கும் தெரியாது, வாங்கினவனுக்கும் தெரியாது. பெரிய தளங்களும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தன. இனி எங்கள் கார்டில் பணம் கட்ட முடியாது என்று விசாவும் மாஸ்டர்கார்டும் கையை விரித்த பிறகுதான், 2020 டிசம்பரில், யார் போட்டது என்று உறுதியாகாத லட்சக்கணக்கான வீடியோக்களை போர்ன்ஹப் எடுத்தது. சம்மதத்தை விசாரிக்க கார்டு கம்பெனி வரவேண்டியிருந்தது!

அப்படியென்றால் தடை செய்துவிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நம் நாட்டில் ஏற்கெனவே தடைதான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவில், இப்படிப்பட்ட படத்தை இணையத்தில் வெளியிட்டால் முதல் தடவையே ஐந்தாண்டு வரை சிறை. அதனால் படம் வராமல் போய்விட்டதா? ஏமாந்த பெண்தான் ஸ்டேஷன் வாசலில் தயங்கி நிற்கிறாள், தன்னையும் குற்றவாளியாகச் சேர்த்துவிடுவார்களோ என்று. விருப்பப்பட்டே இந்தத் தொழிலில் இருக்கிற வெளிநாட்டுப் பெண்கள் பலர், தடை வேண்டாம், மற்ற தொழிலாளிக்கு உள்ள உரிமையைக் கொடுங்கள் என்கிறார்கள். எனக்கு அவர்கள் பேச்சில் நியாயம் தெரிகிறது.

நம் சட்டத்திலும் ஒரு நல்ல வரி இருக்கிறது. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின் விளக்கத்தில், படம் எடுக்கச் சம்மதித்த பெண் அதைப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவது குற்றம் என்றே இருக்கிறது. முன்பு, 2013 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதுவே 354சி பிரிவு. உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அடுத்து ஒன்று வரும்போது இதை எடுத்துப் போடுங்கள். பாதிக்கப்பட்ட யாரையாவது தெரிந்தால், மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலே புகார் கொடுக்கலாம் என்று சொல்லுங்கள்.