அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு 7.5% ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் தாக்குப்பிடிக்க முடியுமா?

தம்பிக்கோ தங்கைக்கோ கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முடியும். ஆனால் முதல் செமஸ்டர் கஷ்டமாகத்தான் இருக்கும், அதை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கிராமம். 2011இல் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் பொறியியல்) சேர்ந்தேன். பொறியியலுக்கு 7.5% வந்தது 2021இல்தான். படிப்பு, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்பதெல்லாம் எங்கள் காலத்தில் கிடையாது. ஆனால் நுழைவுத்தேர்வு 2007லேயே போய்விட்டது, குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்களுக்கான கட்டணச் சலுகையும் வந்திருந்தது. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் 2004இல் +2வில் பள்ளியிலேயே முதல் மார்க். நுழைவுத்தேர்வுக்கென்று தனியாகப் படிக்க வேண்டும் என்பதையே அவருக்கு யாரும் சொல்லவில்லை. இன்று லோடு வண்டி ஓட்டுகிறார். தகுதி தகுதி என்று இங்கே கருத்துப் போட வருபவர்களுக்கு அவரைத்தான் காட்டுவேன்.

கவுன்சலிங்குக்கு அப்போது சென்னை கிண்டியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் போக வேண்டும். நானும் அப்பாவும் ராத்திரி பஸ்ஸில் போய் இறங்கினோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் மடியில் போன வருட கட்-ஆஃப் பட்டியல், கல்லூரி வாரியாகப் பேனாவால் குறித்து வைத்திருந்தான். எங்களிடம் சான்றிதழ் வைத்த மஞ்சள் பை மட்டும். என் முறை வந்து திரையில் கல்லூரிப் பெயர்கள் ஓட, "ஊருக்கு நேர் பஸ் இருக்குற இடமா பாருடா" என்றார் அப்பா. அப்படித்தான் என் கல்லூரி முடிவானது. அந்த மார்க்குக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் வகுப்பு. எம்1 (முதல் செமஸ்டர் கணிதம்) முதல் பாடமே மேட்ரிக்ஸ். ஆசிரியர் என்னை எழுப்பி, டிடர்மினன்ட் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். +2 கணிதத்தில் நான் 200க்கு 191. அணிக்கோவை என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவேன். அவர் கேட்டது அணிக்கோவையைத்தான் என்பது எனக்குத் தெரியவில்லை. பேசாமல் நின்றேன். "பிளஸ் டூ எப்படிப்பா பாஸ் பண்ண?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். எல்லா ஆசிரியர்களும் அப்படி என்று சொல்லவில்லை, பொறுமையாகச் சொல்லித் தந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு நான் வகுப்பில் வாய் திறக்கவே இல்லை. அந்த செமஸ்டரில் நான்கு அரியர்.

என்னைக் காப்பாற்றியது அறை நண்பனின் புத்தகம். ஈரோட்டுப் பையன், ஆங்கில வழி. அவனுடைய +2 கணிதப் புத்தகத்தை என்னுடையதோடு சேர்த்துத் திறந்து வைத்தேன். அதே பாடம், அதே வரிசை, அதே கணக்கு. நோட்டில் நடுக்கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன்: அணிக்கோவை, டிடர்மினன்ட். வகைக்கெழு, டெரிவேட்டிவ். தொகையீடு, இன்டெக்ரல். முக்கால் நோட்டு நிறைந்தபோது பாடம் புரிய ஆரம்பித்துவிட்டது. எம்2 ஒரே தடவையில் பாஸ். தமிழ் வழியே வேண்டாம் என்று சொல்வதாக யாரும் நினைக்காதீர்கள். தமிழில் புரிந்து படித்திருந்ததால்தான் வார்த்தையை மட்டும் மாற்றிக்கொண்டு என்னால் எழ முடிந்தது.

நான்கு அரியரையும் முடித்தேன். ஆனால் கேம்பஸுக்கு வந்த கம்பெனிகள் பல, ஒரு தடவை அரியர் வைத்திருந்தாலே உட்கார விடவில்லை. முடித்துவிட்டேன் என்றாலும் கேட்கவில்லை. முதல் செமஸ்டரில் அரியர் யாருக்கு விழுகிறது என்று அவர்கள் ஒரு தடவையாவது பார்த்திருக்க வேண்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20% முன்னுரிமை என்று 2010இல் சட்டம் வந்தது. நம்பி விண்ணப்பிக்கப் போனேன். பட்டம் கேட்கும் வேலை என்றால் பட்டமும் தமிழ் வழியில் இருக்க வேண்டுமாம். அண்ணா பல்கலைக்கழகம் தமிழில் தொடங்கியதே சிவிலும் மெக்கானிக்கலும்தான். இசிஇ படித்த நான் தமிழில் படிக்க எங்கே போவேன்? பன்னிரண்டு வருடம் தமிழில் படித்தது வகுப்பில் அவமானப்பட மட்டும்தானா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். +2 தமிழ்ப் புத்தகங்களை எடைக்குப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆங்கில வழிப் புத்தகத்தையும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். வகுப்பு தொடங்க இன்னும் நாள் இருந்தால், நோட்டில் கோடு போடுவதை இன்றைக்கே ஆரம்பிக்கட்டும்.